இணையச் செயலித் தளங்களின் விலையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலி ஒன்றை உருவாக்கி இயக்கத் தளம் தேடுபவர்கள், பெரும்பாலும் நான்கைந்து நிறுவனங்களின் கட்டணப் பக்கங்களைத் திறந்து, மாதக் கட்டணங்களை ஓர் அட்டவணையில் எழுதி, குறைந்த தொகையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தவறு அந்த அட்டவணையிலேயே தொடங்குகிறது. ஒரு தளம் சர்வர் இயங்கும் நேரத்துக்குப் பணம் வாங்குகிறது. இன்னொன்று ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்) எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணுகிறது. மற்றொன்று தரவுத்தளத்தில் படிக்கப்பட்ட ஆவணங்களையும் (அதாவது தரவுப் பதிவுகளையும்), வேறொன்று குழுவில் உள்ள ஆட்களையும் கணக்கிடுகிறது. எதை அளந்து பில் போடுகிறார்கள் என்று பார்க்காமல் 20 டாலரையும் 25 டாலரையும் ஒப்பிடுவது, படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் அருகருகே வைத்து எது மலிவு என்று கேட்பதைப் போன்றது.

அளவுகோல் மாறினாலே செலவு மாறிவிடும் என்பதற்குப் பழைய உதாரணம் கூகுள் ஆப் எஞ்சின். 2008-இல் அறிமுகமான அந்தத் தளம், முதலில் செயலி பயன்படுத்திய சிபியு நேரத்தை, அதாவது கணினி அதற்காக உண்மையில் வேலை செய்த நேரத்தை, கணக்கிட்டது. 2011-இல் முன்னோட்ட நிலையைக் கடந்தபோது, இன்ஸ்டன்ஸ் (சர்வரில் ஏற்றப்பட்டுள்ள செயலியின் ஒரு பிரதி) உயிரோடு இருந்த மணிநேரங்களைக் கணக்கிடத் தொடங்கியது. வெளியிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரமும் சும்மா இருக்கும் நேரமும் அதனால் பில்லில் சேர்ந்தன. நிரலில் ஒரு வரிகூட மாறாமல், வருகையாளர் எண்ணிக்கையும் கூடாமல், பலருடைய செலவு பல மடங்கானது, கடும் எதிர்ப்பும் எழுந்தது. நிரல் எழுதாமலே செயலி உருவாக்க உதவும் பபுள் தளம் 2023-இல் வொர்க்லோட் யூனிட் முறைக்கு (செயலி செய்யும் வேலையின் அளவை எண்ணும் முறைக்கு) மாறியபோதும் இதே எதிர்ப்புதான் எழுந்தது.

அளவுகோலை அறிந்தவர் செயலியையே அதற்கேற்ப வடிவமைக்க முடியும். கூகுளின் ஃபயர்பேஸ் தளத்தில் உள்ள ஃபயர்ஸ்டோர் தரவுத்தளம், நாளொன்றுக்கு 50,000 ஆவண வாசிப்புகளை இலவசமாகத் தருகிறது. கேட்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால், உங்கள் ஆர்டர் பட்டியல் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 200 ஆவணங்களைப் படிக்கிறது என்றால், அந்தப் பக்கம் 250 முறை திறக்கப்பட்டதும் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பக்கத்துக்கு 20 ஆவணங்கள் என்று பிரித்துக் காட்டினால் அதே ஒதுக்கீடு 2,500 முறைக்குத் தாங்கும். பயனர்களில் மிகப் பலர் முதல் 20 வரிகளைத் தாண்டிப் போவதே இல்லை. தளத்தை மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த தவறு, செலவு எச்சரிக்கையைச் செலவு வரம்பு என்று நினைத்துக்கொள்வது. பெரிய கிளவுட் சேவைகளில் நீங்கள் அமைக்கும் பட்ஜெட், தொகை தாண்டியதும் மின்னஞ்சல் அனுப்பும். சேவையைத் தானாக நிறுத்தாது. 2024 பிப்ரவரியில், இணையதளங்களை இயக்கித் தரும் நெட்லிஃபையின் இலவசத் திட்டத்தில் சிறிய நிலைத்தளம் (மாறாத பக்கங்கள் கொண்ட இணையதளம்) ஒன்றை வைத்திருந்த ஒருவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. அந்தத் தளத்தில் இருந்த ஓர் ஒலிக்கோப்பை யாரோ திரும்பத் திரும்பப் பதிவிறக்கியதில் சுமார் 190 டெராபைட் வெளியேறியிருந்தது. கூடுதல் ஒவ்வொரு 100 ஜிகாபைட்டுக்கும் 55 டாலர் என்பது அன்றைய விலை. விஷயம் பொதுவெளிக்கு வந்த பிறகு நிறுவனம் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, வரம்பைத் தொட்டதும் செயலி நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே பில் ஏறுமா என்ற ஒற்றைக் கேள்விக்கு எழுத்தில் பதில் தேடிக்கொள்ளுங்கள்.

இலவசத் திட்டத்தை நிரந்தரம் என்று எண்ணி அதன்மீது வணிகத்தைக் கட்டுவதும் பரவலாகக் காணப்படும் தவறு. செயலிகளை இயக்கித் தரும் ஹீரோக்கு, 2022 ஆகஸ்டில் அறிவித்து, நவம்பர் 28 முதல் இலவச டைனோக்களையும் (செயலி ஓடும் சர்வர் பகுதிகள்) இலவசப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையும் நிறுத்தியது. பிளானட்ஸ்கேல் 2024-இல் தன் இலவசத் தரவுத்தளத் திட்டத்தைக் கைவிட்டது. இலவசம் என்பது புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க நிறுவனம் செய்யும் செலவு. போட்டி எங்கே கடுமையாக இருக்கிறதோ அங்கே அது தாராளமாகும், நிதி நெருக்கினால் சுருங்கும். முதல் கட்டணத் திட்டத்தின் விலையையே உங்கள் உண்மையான தொடக்க விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி அதிகம் இருப்பதால் விலை எப்படியும் குறையும் என்ற நம்பிக்கையைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன். போட்டி, வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்காக நடக்கிறது. உள்ளே வந்துவிட்டவருக்கு, வெளியேற ஆகும் செலவு வரை விலை உயரலாம். அமேசான் கிளவுடுக்குள் தரவை ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. இணையம் வழியாக வெளியே அனுப்ப, மாதம் 100 ஜிகாபைட் இலவசத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கிழக்கு மண்டலத்தின் முதல் அடுக்கில் ஜிகாபைட்டுக்கு 9 சென்ட். 10 டெராபைட் என்றால் ஏறத்தாழ 900 டாலர். கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 சேமிப்பகம் இந்த வெளியேற்றக் கட்டணத்தை அறவே நீக்கியதையே தன் முக்கியப் போட்டி உத்தியாக்கியது. 2024-இன் முதல் மூன்று மாதங்களுக்குள் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், சேவையை விட்டு விலகுபவர்களுக்கு இக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டமும், சேவை மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் தடை செய்கிறது. இவை விலகுபவர்களுக்கான சலுகைகள். அன்றாடப் பயன்பாட்டில் வெளியேறும் தரவுக்கு வழக்கமான விலைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தரவை வெளியே எடுத்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. ஃபேஸ்புக் 2016 ஜனவரியில், கைபேசிச் செயலிகளுக்குச் சர்வர் வசதி தந்துவந்த பார்ஸ் சேவையை மூடப்போவதாக அறிவித்தபோது, ஓராண்டு அவகாசம் தந்து சர்வர் நிரலையும் திறந்த மூலமாக வெளியிட்டதால்தான் பலர் வேறிடத்துக்கு மாற முடிந்தது. உள்நுழைவு அமைப்பை நான் முதலில் சரிபார்ப்பேன்: கடவுச்சொல் ஹாஷ்களை (கடவுச்சொற்கள் மாற்றிச் சேமிக்கப்பட்டிருக்கும் வடிவத்தை) ஏற்றுமதி செய்ய அனுமதிக்காத தளத்திலிருந்து கிளம்பினால், அத்தனை பயனர்களையும் புதிய கடவுச்சொல் அமைக்கச் சொல்ல வேண்டிவரும், அதில் ஒரு பகுதியினர் திரும்பி வரமாட்டார்கள்.

இந்தக் கவலைகளுக்கெல்லாம் பயந்து, இரண்டு பேர் கொண்ட குழு வாடகை சர்வர் எடுத்து எல்லாவற்றையும் தானே நடத்த முனைவதும் தவறுதான். பாதுகாப்புத் திருத்தங்கள், காப்புப்பிரதி, நள்ளிரவுக் கோளாறு ஆகியவற்றுக்குப் போகும் மணிநேரங்களை யாரும் அட்டவணையில் எழுதுவதில்லை. அதைவிட, சோதனைக் காலத்திலேயே முழுத் தரவையும் ஒருமுறை ஏற்றுமதி செய்து, வேறொரு போஸ்ட்கிரஸில் இறக்கி, எத்தனை மணிநேரம் ஆனது, எவையெல்லாம் வராமல் போயின என்று குறித்து, அந்தக் குறிப்பை விலை அட்டவணையில் தனி வரிசையாகச் சேருங்கள்.