சார்ஜென்ட் யார்க் மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிப்பரால் பாகங்களை வெட்டிய தழும்பு, டீக்கலுக்கு (ஒட்டுப்படம்) அடியில் காற்று எல்லாம் எந்த மாடல் கிட்டிலும் வருவதுதான், அவற்றை விடுங்கள். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான எம்247 சார்ஜென்ட் யார்க் என்ற விமான எதிர்ப்பு பீரங்கி வண்டியின் மாடலைச் செய்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

போருக்கே போகாத வண்டிக்குப் போர்க் காயங்கள்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு கண்காட்சியில் 1/35 அளவு யார்க் மாடல் ஒன்றைப் பார்த்தேன். ஒட்டுவேலை அவ்வளவு சுத்தம். ஆனால் வண்டி முழுக்க வளைகுடாப் போர் மணல் நிறம், டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி) விளிம்பெல்லாம் ஸ்பாஞ்சால் ஒற்றிய கரும்பழுப்புச் சிப்பிங் (பெயிண்ட் உதிர்ந்த தோற்றம்), பக்கவாட்டில் துரு ஒழுகல், பின்னால் மூட்டை முடிச்சுகள். செய்த பையன் பல வாரம் உழைத்திருக்கிறான். அத்தனையும் வீண்.

போர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனம் எம்48ஏ5 டாங்கியின் ஹல்லில் (அடி உடலில்) இரட்டை 40 மி.மீ. போபோர்ஸ் பீரங்கிகளையும், எஃப்-16 விமானத்தின் ரேடாரைத் தழுவிய ரேடாரையும் ஏற்றிய வண்டி இது. தரையை ஒட்டி நிற்கும் ஹெலிகாப்டரைப் பிரித்தறிய அந்த ரேடார் திணறியது. 1985 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் திட்டத்தையே ரத்து செய்தார். சுமார் 180 கோடி டாலர் போயிருந்தது. முடிந்திருந்தவை 50 வண்டிகள் அளவில்தான். 1991 வளைகுடாப் போர் வந்தபோது களத்துக்கு அனுப்ப யார்க் படைப்பிரிவு என்று ஒன்றுமே இல்லை.

வெதரிங்கே (பழசாக, அழுக்காகக் காட்டும் வேலை) கூடாது என்று சொல்லவில்லை. சோதனைக்கு ஓடிய வண்டிதானே, சக்கரங்களிலும் ஃபெண்டரிலும் காய்ந்த புழுதி தாராளமாக இருக்கலாம். டிராக்கின் தேய்ந்த இடங்களில் உலோகப் பளபளப்பும் பொருந்தும். அதோடு பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். ஆசை அடங்காவிட்டால் ரத்துக்குப் பின் சுடுதளத்தில் இலக்காக நின்ற வண்டியைச் செய்யுங்கள், துருவை அங்கே அள்ளிப் பூசலாம்.

ஒரே டெக்ஸ்ச்சர்

ஹல் வார்ப்பு எஃகு. டரட் தகடுகளை வெல்டிங் செய்த பெட்டி. சர்ஃபேசரை (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பு ஏற்றுவது ஹல்லுக்கு மட்டும். டரட்டிலும் அதைச் செய்தால் வண்டியின் குணமே போய்விடும். தட்டையான அந்தப் பெரிய பெட்டி, உருண்ட ஹல்லின் மேல் பொருந்தாமல் உட்கார்ந்திருப்பதுதான் யார்க்கின் அழகு.

பீரங்கிக் குழல்கள்

இரண்டும் ஒரே கோணத்தில்தான் நிமிரும்.

ரேடார் ஆன்டெனாக்கள்

பெயிண்ட் முடியும்வரை ஒட்டாதீர்கள்.