மனசு கனத்துக் கிடக்கும் நாளில் மகிழ்ச்சியைப் பழகும் முறை

வேலை போய்விட்டது, அப்பாவுக்கு டயாலிசிஸ், வீட்டு வாடகை பாக்கி. இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "கவலைய விடு, சந்தோஷமா இரு" என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். நியாயமான எரிச்சல். வா என்று கூப்பிட்டால் மகிழ்ச்சி வராது. பௌத்தப் பயிற்சியும் அப்படிக் கூப்பிடச் சொல்வதில்லை. எதை நினைத்தால் மனம் தானாக மலருமோ, அதை நினைக்கப் பழகு என்கிறது.

புதிதாகத் தியானம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் மனம் ஒருமைப்படட்டும், பிறகு மகிழ்ச்சி வரும் என்று கண்ணை மூடி உட்கார்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் வாடகை கேட்கும் வீட்டுக்காரர் முகம் வந்து நிற்கிறது. பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளான சுத்தங்கள் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஒரு சிறு களிப்பு, அதிலிருந்து பிரீதி என்ற பூரிப்பு, பிறகு உடம்பு தணிகிறது, சுகம் வருகிறது, கடைசியில்தான் மன ஒருமை. அதனால் நாமும் களிப்பிலிருந்தே போவோம்.

தொடங்கும் முன்

ஆள்குறைப்பில் வேலை போயிருந்தால், முதல் வேலையாக சொக்சோவின் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்கு மனு போடுங்கள். வேலை போன 60 நாளுக்குள் போட வேண்டும். தியானம் அதற்கு மாற்று இல்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தனியாக உட்காராதீர்கள், யாரிடமாவது பேசுங்கள். மனம் விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929.

படி 1: இடம், நேரம்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சாக்கிய குலத்து மகாநாமர் இல்லறத்தார். அவருக்குப் புத்தர் இந்த நினைவுப் பயிற்சியைச் சொல்லும்போது, நடக்கும்போதும் நிற்கும்போதும், உட்கார்ந்தாலும் படுத்தாலும், வேலை பார்க்கையிலும், பிள்ளைகள் நெருக்கியடிக்கும் வீட்டிலும் செய் என்றார். தனியறை, ஊதுபத்தி, மெத்தை எதுவும் வேண்டாம். காலையில் பசியாறுவதற்கு முன் பத்து நிமிடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எல்ஆர்டி ரயிலில் கேஎல் சென்ட்ரலில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்குவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம்.

படி 2: கொடுத்ததை நினைத்தல்

மகாநாமருக்குச் சொன்ன ஆறு நினைவுகளில் ஒன்று, தான் செய்த ஈகையை நினைப்பது. தற்பெருமை ஆகிவிடாதா என்று நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். "நான் நல்லவன்" என்று சொல்லிக்கொண்டால்தான் அது பெருமை. இங்கே நினைப்பது உங்களை அல்ல, நடந்ததை.

ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளெட்டில் லிப்ட் கெட்டுப்போன அன்று பக்கத்து வீட்டு ஆண்டியின் அரிசி மூட்டையை நான்கு மாடி தூக்கிக் கொடுத்தீர்கள். அதை மெதுவாகப் பாருங்கள். தோளில் மூட்டை அழுத்திய இடம். மூன்றாவது மாடி வளைவில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு "போதும் தம்பி, வைப்பா" என்றது. நீங்கள் வைக்காமல் ஏறியது. கதவோரம் இறக்கியதும் கை லேசானது. அங்கேயே நில்லுங்கள்.

உடனே மனம், "அந்தம்மா அப்புறம் ஒரு வார்த்தை விசாரிச்சதா?" என்று கணக்குப் பார்க்கக் கிளம்பும். சண்டை போடாமல் மறுபடி கை லேசான கணத்துக்கு வாருங்கள்.

இப்போது உடம்பைக் கவனியுங்கள். நெஞ்சு கொஞ்சம் தளர்ந்திருக்கும், சில நேரம் கையில் ஒரு சிலிர்ப்பு ஓடும். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூல் பிரீதியை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மயிர் சிலிர்ப்பதோடு நின்றுவிடுவது அதில் ஆகச் சிறியது. தொடக்கத்தில் அது போதும். ஐந்தாறு மூச்சுக்கு அதோடு இருங்கள், பெரிதாக்க முயலாதீர்கள்.

கொடுத்தது எதுவுமே நினைவுக்கு வரவில்லையா? தவறு செய்யாமல் விலகியதை நினையுங்கள். கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த பத்து வெள்ளியைத் திருப்பித் தந்தது, இரவு பதினொரு மணிக்குத் தட்டச்சு செய்த கோபச் செய்தியை அனுப்பாமல் அழித்தது. அதுவும் சீலக் கணக்கில், அதாவது நல்லொழுக்கக் கணக்கில்தான் சேரும்.

படி 3: பிறர் மகிழ்ச்சியில் சேர்தல்

இதன் பெயர் முதிதா. யாரிடமிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பகைவரிடமிருந்து தொடங்காதீர்கள். விசுத்திமக்கம் கைகாட்டுவது, முதலில் சிரித்துவிட்டு அப்புறம் பேசுகிற நண்பரை. அப்படி ஒருவர் எல்லார் வாழ்க்கையிலும் உண்டு. அவருக்கே இப்போது கஷ்டகாலம் என்றாலும் பரவாயில்லை. முன்பு அவர் செழிப்பாக இருந்ததை நினைத்து மகிழலாம் என்று அந்த நூலே இடம் கொடுக்கிறது. நெருக்கடியில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி.

அவர் முகத்தை நினைத்து மனதுக்குள் சொல்லுங்கள்: "உனக்குக் கிடைத்த நலம் உன்னை விட்டு நீங்காதிருக்கட்டும்." இன்னும் நிறையக் கிடைக்கட்டும் என்றல்ல, கிடைத்தது நிலைக்கட்டும். வெறும் கையோடு நிற்கும்போது இதைச் சொல்வது கொஞ்சம் எளிது.

இரண்டு மூன்று நாள் நண்பரோடு பழகியபின், வேண்டியவரும் அல்லாத வேண்டாதவரும் அல்லாத ஒருவர். ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் அண்ணனை எடுக்கலாம். நெருடலான ஆட்கள் கடைசியில்தான்.

ஓர் எச்சரிக்கை. மகன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் நிறைய 'ஏ' வாங்கினால் அம்மாவுக்கு வரும் பூரிப்பு இனிமையானது, ஆனால் முதிதாவின் வேடத்தில் வரும் பற்றாக அது இருக்கலாம். எதிர்வீட்டுப் பையன் வாங்கினாலும் முகம் மலர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 4: அன்றே எதையாவது கொடுத்தல்

நாளைக்கு நினைப்பதற்கு இன்று ஏதாவது செய்தாக வேண்டுமே. காசு இல்லாவிட்டாலும் கொடுக்க வழி உண்டு: ஒருவருக்கு மனு எழுதிக் கொடுப்பது, பாட்டியை மருத்துவமனை வரிசையில் உட்காரவைத்து நம்பர் எடுத்துத் தருவது.

துறவிகளுக்கு உணவளிக்க ஆசைப்பட்டால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலா தெருவில் 1894-இல் சிங்கள பௌத்தர்கள் தொடங்கிய மகா விகாரை இருக்கிறது. 1952-இல் வந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 2006-இல் மறையும்வரை பணியாற்றிய இடம். தேரவாதத் துறவிகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, அதற்கு முன்பே போய்விடுங்கள். சக்தி விநாயகர் கோயிலும் அதே தெருவில்தான். இரண்டு இடத்துக்கும் போய்வர ஒரு தயக்கமும் வேண்டாம். கடாரத்து (இன்றைய கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தவன் சிவபக்தனான சோழ மன்னன் முதலாம் இராசராசன்.

படி 5: ஒன்றும் எழாத நாள்

வரும். அன்று முதிதாவை விட்டுவிட்டுக் கருணைக்குப் போங்கள். "எனக்கு வலிக்கிறது, இந்த வலி தணியட்டும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அதுவும் ஒட்டவில்லையென்றால் மூச்சை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போகலாம்.

சில வாரம் கழித்து, புது வீட்டுச் சாவியின் படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டு உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் உறவினர் ஒருவரிடம் வாருங்கள். ஸ்டேட்டஸைத் திறந்து, நண்பருக்குச் சொன்ன அதே வாக்கியத்தை அவருக்கும் சொல்லுங்கள். வயிறு எரிந்தால் "இது பொறாமை" என்று பெயர் சொல்லி, போனை மூடிவிட்டு, சிரித்த முகத்து நண்பரிடம் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்.