முதல் டிராக் டே: சொந்தக் காருக்கு எந்த டிராக்?

பணம் கட்டிச் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்தான் டிராக் டே. அந்த ஆசை வந்ததும் கண் முதலில் பெரிய இடத்தின் மீதுதான் போகும். ஃபார்முலா ஒன் நடந்த டிராக், டிவியில் பார்த்த வளைவு என்று மனம் அலையும். தினமும் ஆபீஸ் போய்வரும் ஸ்விஃப்ட்டுக்கும் ஐ20க்கும் அந்தப் பெயர் எந்த வகையிலும் உதவாது. இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். ஸ்டிரெயிட்டின் (வளைவில்லாத நேர்ப்பாதையின்) முடிவில் உங்கள் கார் என்ன வேகத்தில் இருக்கும்? தடம் தவறினால் அது எதில் போய் நிற்கும்?

வேகத்துக்கு ஒரு கணக்கு

ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால், பிரேக்குகள் ஏறக்குறைய 420 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்க வேண்டும். அதே கார் 160லிருந்து 60க்கு இறங்கினால் 850. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, வெப்பம் இரட்டிப்பாகிவிட்டது. 850 கிலோ ஜூல் என்பது மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதன் பெரும்பகுதியை முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்குகள் சில விநாடிகளில் வாங்கிக்கொள்கின்றன. அடுத்த சுற்றிலும் இதே கதைதான்.

கம்பெனி பிரேக் பேடும் பழைய பிரேக் ஆயிலும் இதை அதிக நேரம் தாங்காது. டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு தர விதி கேட்பது 155 மட்டுமே. இரண்டு வருடம் மாற்றாத ஆயில் இந்தக் கீழ் எண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் சேர்ந்து, பெடல் பஞ்சு போல அமுங்கித் தரை வரை போகும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் வேறு மாதிரி: பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. ஸ்டிரெயிட் நீளமாக நீளமாக இந்த இரண்டும் சீக்கிரம் வரும். அதனால்தான் முதல் நாளுக்குக் குட்டை ஸ்டிரெயிட் உள்ள டிராக் நல்லது என்கிறோம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சின்ன டிராக்கில் ஒவ்வொரு பிரேக்கிங்கிலும் சூடு குறைவுதான், ஆனால் காற்று பட்டு ஆறவும் நேரம் குறைவு. மூன்று நான்கு சுற்று ஓட்டினால் ஒரு சுற்று நிதானமாகப் போய்ப் பிரேக்கை ஆறவிட வேண்டும்.

எந்த டிராக்குக்கு எந்தக் கார்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. ஓட்டிக்கொண்டே போய்வரும் தூரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட டிராக் இருக்கும் மாநிலங்கள் இந்தியாவில் குறைவு.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. நீளம். ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரில் அமைந்தது. ஸ்டிரெயிட் எல்லாம் குட்டை, வளைவுகள் அடுத்தடுத்து வரும். பிரேக்கிங் புள்ளியை விட ஸ்டீயரிங்கும் பொறுமையும்தான் இங்கே பாடம். சுற்று சீக்கிரம் முடிவதால் ஒரே வளைவை ஒரு செஷனில் பத்துத் தடவைக்கு மேல் முயன்று பார்க்கலாம். வரிசை மனதில் பதிய இதைவிட வசதி கிடைக்காது. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு முதல் தேர்வு இதுவே.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. இன்றும் பலர் பழைய பெயரில் எம்எம்ஆர்டி என்றுதான் சொல்கிறார்கள். வேகமான வளைவுகள் இருப்பதால் கால் தவறினால் அடி கொஞ்சம் பலமாகவே விழும். வேகமான வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் பிடி விடும். புதியவர்கள் சுழல்வது பெரும்பாலும் இப்படித்தான். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் உட்காரும் நாளாக இருந்தால் இங்கேயே தொடங்கலாம். இல்லையென்றால் கரியில் தொடங்கிவிட்டு இரண்டாவதாக இங்கே வாருங்கள்.

கோவைக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டியில் புதிதாக வந்திருக்கும் கோஸ்ட் டிராக்கும் ஏறக்குறைய இதே நீளம்தான். கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் 5.125 கி.மீ., 16 வளைவுகள், பின் ஸ்டிரெயிட் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம் என்பதால் அகலமும் ரன்-ஆஃபும் (தடம் தவறிய கார் ஓடி நிற்க விட்ட வெளி) தாராளம். தவறை மன்னிக்கும் டிராக்தான். ஆனால் பிரேக்கை அது மன்னிக்காது. சென்னையிலிருந்து ஒரு வழிக்கே 2,000 கி.மீ.க்கு மேல் ஓட்டிப் போய், தேய்ந்த டயரோடு அதே தூரம் திரும்பும் யோசனையை முதல் டிராக் டேக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

விமான ஓடுதளத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சென்னையின் ரேஸ்களே சோழவரத்துப் பழைய ஓடுதளத்தில்தான் நடந்தன. ஓடுதளத்தில் சுவர் தொலைவில் இருக்கும், அது சாதகம். உதிரி ஜல்லியும், கூம்பு வைத்துக் காட்டிய வளைவுகளும், மட்டில்லாத நீளமும் பாதகம். பிரேக் பழகலாம், வளைவு பழக முடியாது.

தடம் தவறினால் என்ன இருக்கிறது

டிராக் வரைபடம் இதைச் சொல்லாது. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு வளைவின் வெளிப்புறத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். புல்லா, சரளைக்கல்லா, டயர் அடுக்கா, இரும்புத் தடுப்பா? அது தாரின் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டரில்? சரளை காரை நிறுத்திவிடும், ஆனால் சைட் ஸ்கர்ட்டையும் அண்டர் கவரையும் பிய்த்துக்கொண்டு போகலாம். புல் காய்ந்திருந்தால் ஓரளவு பிடி இருக்கும். ஈரமாக இருந்தால் கார் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போகும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் படி மாதிரி இறக்கம் இருந்தால் பக்கவாட்டில் வழுக்கி வரும் கார் அதில் தட்டிப் புரளவும் கூடும். உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். சில அமைப்பாளர்கள் எஸ்யூவியை அனுமதிப்பதே இல்லை.

இன்னும் நல்ல வழி, தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும் வார இறுதியில் பார்வையாளராகப் போய் நிற்பது. எந்த வளைவில் கார்கள் வெளியே போகின்றன, மீட்பு வண்டி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதெல்லாம் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும்.

நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை

ஒரே டிராக் ஒரு அமைப்பாளரிடம் பாதுகாப்பாகவும் இன்னொருவரிடம் சந்தைக்கடையாகவும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஃபோனில் கேளுங்கள்:

- புதியவர்களுக்குத் தனிக் குழு உண்டா? ஒரே நேரத்தில் எத்தனை கார்கள் உள்ளே? 2.1 கி.மீ. டிராக்கில் பத்துக்கு மேல் என்றால் கண்ணாடியைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.
- பைக்கும் காரும் தனித்தனி செஷனா? இல்லை என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.
- முந்துவது ஸ்டிரெயிட்டில் மட்டும்தானா? முன்னால் போகிறவர் கை காட்டினால்தானா?
- ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு, ஒவ்வொரு போஸ்ட்டிலும் கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல் உண்டா? ஆம்புலன்ஸ் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போனால் ஓட்டம் நிறுத்தப்படுமா? நிறுத்துவோம் என்பதுதான் சரியான பதில்.
- தடுப்பு உடைந்தால் யார் பணம் கட்டுவது? மழை வந்தால் பணம் திரும்புமா?
- முழுச் சுற்றா, குறுக்கு வழியில் சுருக்கிய சுற்றா?

கடைசிக் கேள்விக்குச் சுருக்கிய சுற்று என்று பதில் வந்தால் ஏமாற வேண்டாம். முதல் நாளுக்கு அது நல்லதுதான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நம் ஊர் தனியார் கார் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியில் ரேஸ், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். ‘இது ரேஸ் இல்லை, டிராக் டே’ என்று வாதாடுவதை நம்பிப் போகாதீர்கள். உள்ளே நடக்கும் சேதம் முழுவதும் உங்கள் செலவு என்று வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்வு செய்யுங்கள். தவணை முடியாத காராக இருந்தால் ரன்-ஆஃபுக்கு இன்னும் அதிக மதிப்புக் கொடுங்கள்.

மாதமும் செலவும்

சென்னைக்கு ஜனவரியும் பிப்ரவரியும் பொருத்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மே மாத மதியத்தில் டர்போ கார்கள் சூட்டில் சக்தி இழக்கும், ஓட்டுபவரும் ஹெல்மெட்டுக்குள் வாடிவிடுவார். நொய்டாவில் ஜனவரிப் பனிமூட்டம் காலை செஷன்களையே விழுங்கிவிடும்.

பெட்ரோலுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் சாதாரண ஹேட்ச்பேக் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் எடுத்தால் 20 நிமிட செஷனில் 8 சுற்று, அதாவது 30 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. என்று வைத்தால் 6 லிட்டர். நாலு செஷனுக்கு 24. கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் நீண்ட வளைவில் எரிபொருள் ஒதுங்கி எஞ்சின் திணறலாம். அதனால் டிராக்குக்கு அருகில் பங்க் இருக்கிறதா, மதிய இடைவேளையில் வெளியே விடுவார்களா என்பதும் தேர்வில் சேரும்.

டயருக்கும் இடத்துக்கும் சம்பந்தம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையும் புத்தும் வலச்சுற்று ஓடும் டிராக்குகள், ஆகவே வளைவுகளில் பாரம் ஏறும் இடது முன் டயர்தான் முதலில் தேயும். ஊர் திரும்ப வேண்டிய டயரும் அதுதான். கோவைக்காரருக்கு செட்டிபாளையம் என்றால் பிரச்சினை இல்லை, ஆட்டோ பிடித்துக்கூட வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையிலிருந்து 500 கி.மீ. ஓட்டி வந்தவருக்கு அப்படி இல்லை. அவர் முதல் நாளே வந்து தங்கி, கடைசி செஷனை விட்டுவிட்டு, டிஸ்க் ஆறும் வரை ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, வீல் நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, டிராக்கில் குறைத்திருந்தால் டயர் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, பேட் தடிமனைப் பார்த்துவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏற வேண்டும். இதற்கெல்லாம் நேரமோ விடுமுறையோ இல்லை என்றால், எந்த டிராக் சிறந்தது என்ற ஆராய்ச்சியை ஓரம் வைத்துவிட்டு வீட்டுக்கு அருகில் இருப்பதற்குப் பதிவு செய்யுங்கள்.