கானும் கங்கையும்: மழைக்குப் பிறகு எழுத வேண்டிய கொப்பி

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்த பிறகுதான் கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் தோட்டத்து, அதாவது நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பு, ஆட்கள் சேர்ந்து மழைத்தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்கத் தொடங்கினோம். எத்தனை பேர் வந்தோம், எத்தனை மூட்டை மண் அள்ளினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தோம். அடுத்த பெரிய மழைக்கும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கொப்பியைப் புரட்டினால் எல்லாம் நாங்கள் செய்த வேலை. தண்ணீர் என்ன செய்தது என்று ஒரு வரி இல்லை.

ஆகவே முதலில் தண்ணீரை அளக்க வழி செய்யுங்கள். கானோரச் சுவரில் அரை அடிக்கு ஒரு கோடு, எனாமல் பெயின்டில் போடுங்கள். சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது. குறிப்பு எடுக்க, பகலில் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். எங்களுக்கு அமைந்தவர் எதிர்வீட்டுத் தையல் அக்கா. மெஷினில் இருந்தபடியே அவருக்குச் சுவர் தெரியும். துணியில் கோடு போடும் சோக்கால் ஜன்னல் பலகையில் நேரத்தைக் குறித்துவிட்டு, இரவில் கொப்பியில் ஏற்றுவார்.

மழை தொடங்கிய நேரம், தண்ணீர் தொட்ட கோடு, வடிந்து முடிந்த நேரம் இந்த மூன்றும் போதும் என்றுதான் நினைத்தோம். நாலாவதாகச் சேர்த்ததுதான் கண்ணைத் திறந்தது: அந்த நேரம், கொழும்பில் களனி கங்கையை அளக்கும் இடமான நாகலகம் வீதியில், கங்கையின் மட்டம் எத்தனை அடி. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் கணக்கு அது.

மழை விட்டு ஒரு கிழமைக்குள், ஞாபகம் மங்குமுன், எல்லாரும் உட்கார்ந்து வாசியுங்கள். தாழ்ந்த வரிசை வீட்டாரை விடாமல் கூப்பிடுங்கள். முதல் தடவை நாங்கள் விட்டுவிட்டோம். தண்ணீர் முதலில் நுழைவதே அவர்கள் வாசலால்தான்.

எங்கள் கொப்பி சொன்னது இது: கங்கை தாழ்ந்திருந்த நாட்களில், துப்புரவான கானில் தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் வடிந்தது. கங்கை உயர்ந்திருந்தபோது அதே கான், அதே அளவு மழை, ஆனால் இரவு வரை தேங்கி நின்றது. கங்கை நிரம்பியிருக்க, போக வழியில்லாத கான் தண்ணீரை மண்வெட்டி என்ன செய்யும்?

அப்புறம் திட்டத்தையே மாற்றினோம். கான் வேலை மழைக்காலத்துக்கு முன்பே முடியும். கங்கைக்குத் தண்ணீர் வரும் மலைப்பக்கமான கித்துல்கல, தெரணியகல பக்கம் கனமழை என்று கேட்டால், கொழும்புக்கு மேலே ஹங்வெல்லவில் கங்கையின் மட்டத்தைப் பார்க்கிறோம். அது ஏறினால், கொழும்பில் வெயில் அடித்தாலும், முதலில் வயதானவர்களை மேல்மாடி வீடுகளுக்கு அனுப்புகிறோம். பிறகுதான் அரிசி, பிள்ளைகளின் புத்தகம். மாநகர சபைக்குப் போகும்போதும் கொப்பியோடு போங்கள். "எப்போதும் வெள்ளம்" என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். திகதியும் நேரமும் காட்டினால் உட்காரச் சொல்லிக் கேட்பார்கள்.

ஒக்டோபர் மழைக்கு முன் கோடுகளுக்கு மறுபடி பெயின்ட் அடியுங்கள். பழைய கோட்டின் மேலேயே, அதே உயரத்தில். அரை விரல் நகர்ந்தாலும் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.