சூடான ஸ்னோமொபைல் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லையா? ஆறுவதற்குள் பார்த்துவிடுங்கள்

பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் ஸ்டார்ட்டர் கயிற்றைக் காலையில் ஒன்றிரண்டு தடவை இழுத்ததுமே பிடித்துக்கொள்கிறது, ஓடும்போதும் ஒரு குறையும் இல்லை, ஆனால் வழியில் எங்காவது நிறுத்திவிட்டுப் பத்து இருபது நிமிடம் கழித்து வந்து இழுத்தால் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், இன்ஜின் எழுந்திருக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். இந்தக் கோளாறின் மோசமான பக்கமே இதுதான். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இறக்கும்போது வண்டி ஆறியிருக்கும், எதைச் சோதித்தாலும் சரியாகவே இருக்கும், அப்புறம் குத்துமதிப்பாக பிளக், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பார்கள். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். மக்கர் பண்ணுகிற அந்தச் சில நிமிடங்களில், இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, போதவில்லையா, கரண்ட் வரவில்லையா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது, இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் சீட்டுக்கு அடியில் நான்கு பொருள் இருக்கட்டும்: பிளக் ஸ்பேனர், ஒரு செட் புது பிளக், ஸ்பார்க் டெஸ்டர், சின்ன மல்டிமீட்டர். பாதுகாப்பு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகையாகப் பீய்ச்சும், அதன் பக்கத்திலேயே பிளக்கை வைத்து ஸ்பார்க் பார்த்தால் தீப்பிடிக்கும். டெஸ்டரின் கிளிப்பை ஓட்டையிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பிளக் கேப்பை எர்த் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் பொறியை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐ யூனிட் போய்விடலாம். ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரி, வண்டி மறுத்துவிட்டது. நான்கைந்து தடவைக்கு மேல் இழுக்காதீர்கள், ஏனென்றால் இழுக்க இழுக்க உள்ளே இருக்கும் தடயம் அழிந்துகொண்டே போகும். உடனே எல்லா சிலிண்டரின் பிளக்கையும் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று குழப்பிக்கொள்ளாமல் வரிசையாக வையுங்கள். நுனி சொட்டச்சொட்ட நனைந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால், பெட்ரோல் அதிகம் அல்லது கரண்ட் இல்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. ஒன்று ஈரமாகவும் இன்னொன்று காய்ந்தும் இருந்தால் அது தங்கமான தடயம், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவான டேங்க், ஃபில்டர் போன்றவற்றை விட்டுவிட்டு அந்த ஒரு சிலிண்டரின் பாதையை மட்டும் பார்த்தால் போதும். கருவியே இல்லாமலும் ஓரளவு ஊகிக்கலாம். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி இழுத்தால்தான் பிடிக்கிறது என்றால் பெட்ரோல் மிகுதி, சூட்டிலும் சோக் போட்டால்தான் பிடிக்கிறது என்றால் பெட்ரோல் பற்றாக்குறை.

ஈரப் பிளக்கைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், நிறைய வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்ஜினை நிறுத்தியதும் கூலன்ட் சுற்றுவதில்லை, காற்றும் அடிப்பதில்லை, ஆகவே சிலிண்டரில் தேங்கிய சூடு மெல்ல கார்புரேட்டருக்கு ஏறுகிறது. நிறுத்திப் பத்து இருபது நிமிடத்தில்தான் கார்புரேட்டர் அதிகம் சூடாகிறது. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, ஜெட் என்ற சின்னத் துளை வழியாகத் தொண்டைக்குள் பொங்கி, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் போய்த் தேங்கும். குளிர்காலத்துக்கென்று விற்கப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்பட்டது. அதே பெட்ரோலோடு வெயில் தெறிக்கும் பனிக்கால இறுதியில் ஓட்டினால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். சில வண்டிகளில் கார்புரேட்டர் உறைந்துபோகாமல் இருக்க அதன் உடம்புக்குள் சூடான கூலன்ட்டை ஓடவிடும் ஏற்பாடு இருக்கும், அதற்கு ஒரு சின்ன வால்வும் இருக்கும். இதமான நாளில் அதை மூடி வைக்கப் பலருக்கும் தோன்றுவதே இல்லை, முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கார்புரேட்டர் இந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். தாங்கவில்லை என்றால் ஏற்கெனவே எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இதைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டியில் பெட்ரோல் குழாயை மூடும் வால்வு இருந்தால், இன்ஜினை நிறுத்திய உடனே அதை மூடிவிடுங்கள். நிறுத்துவதற்கு முன்பே மூடாதீர்கள், ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பெட்ரோலுக்கு ஏங்கவிட்டால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து வால்வைத் திறந்து இழுங்கள். இப்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால், நின்றிருக்கும் நேரத்தில் பெட்ரோல், கிண்ணத்துக்கு வரும் வழியை அடைக்கும் ஊசியான நீடிலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது என்பது கிட்டத்தட்ட உறுதி.

கார்புரேட்டரைப் பிரித்து அந்த நீடிலின் கூம்பு நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய வளையமாக ஒரு தேய்மானக் கோடு தெரியும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் தட்டும். தட்டினால் நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். கையோடு, நீடிலைத் திறந்து மூடும் மிதவையின் உயரத்தை உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோக். ஸ்னோமொபைல் கார்புரேட்டரில் பெரும்பாலும் இருப்பது மூடி வகை சோக் கிடையாது, கூடுதல் பெட்ரோலுக்கான தனிப் பாதையைத் திறந்து மூடும் ஒரு சின்ன பித்தளைப் பிளஞ்சர். அதன் அடியில் ஒட்டிய ரப்பர் வில்லை வெடித்திருந்தாலோ, கேபிள் இறுக்கமாக இருந்து பிளஞ்சர் முழுக்க உட்காராமல் நின்றாலோ, சோக்கை அணைத்த பிறகும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். குளிர்ந்த இன்ஜினுக்கு அது உதவியாகவே இருக்கும், அதனால்தான் காலை ஸ்டார்ட்டிங் அவ்வளவு பிரமாதமாக இருக்கிறது என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். லீவரை அணைத்த நிலையில் கேபிளில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும்.

பெட்ரோல் டேங்க்கின் மூச்சுக்குழாயையும் மறக்காதீர்கள். அது பனியாலோ மடிப்பாலோ அடைபட்டிருந்தால், இன்ஜின் சூட்டில் டேங்க்குக்குள் அழுத்தம் ஏறி நல்ல நீடிலையும் தள்ளிக்கொண்டு பெட்ரோல் இறங்கும். மக்கர் பண்ணும்போது டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும். அப்புறம், ஒரே ஒரு பிளக் மட்டும் நனைந்திருந்தால் பெட்ரோல் பம்ப்பைப் பாருங்கள். அது கிராங்க் கேஸின் அழுத்த ஏற்ற இறக்கத்தில் ஓடும் பம்ப், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால் அந்த அழுத்தக் குழாய் வழியாகவே பெட்ரோல் நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய்விடும். குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் இருக்கவே கூடாது.

இப்படிப் பெட்ரோல் மிகுதியாகி நிற்கும் வண்டியை வழியில் கிளப்ப, பெட்ரோல் வால்வை மூடி, சோக்கை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபடி பல தடவை வேகமாக இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை ஆஃப் நிலையில் வைத்து, பிளக்குகளைக் கழற்றிக் கேப்களை எர்த் செய்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியே ஊதித் தள்ளிவிட்டு, காய்ந்த பிளக் போடுங்கள். பிடித்த உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு சின்ன டப்பாவில் பிடியுங்கள், சூடான சைலன்சர் மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது. ஒன்றும் வராவிட்டால் கிண்ணத்தில் இருந்தது ஆவியாகிவிட்டது, கையால் இழுக்கும் வேகத்தில் அதைத் திரும்ப நிரப்பப் பம்ப்புக்குத் தெம்பு இல்லை. விறைத்துப்போன டயாஃப்ரம், முனையில் வெடித்த அழுத்தக் குழாய், அடைத்த ஃபில்டர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய இருந்தும் பிளக் காய்ந்திருந்தால், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பாதி அடைத்திருக்கலாம், அல்லது இன்ஜின் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட்டை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கிராங்க் தண்டின் முனைகளில் காற்றுப் புகாமல் தடுக்கும் கிராங்க் சீலின் கசிவு அப்படிக் கண்ணில் படாது, இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 அல்லது 7 பிஎஸ்ஐ காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்று இழுக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் தயவுசெய்து தொடர்ந்து ஓட்டாதீர்கள். இன்றைக்கு ஸ்டார்ட்டிங் தொல்லையாக இருப்பது நாளைக்கு பிஸ்டனில் ஓட்டையாக முடியும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பிளக் நனைந்திருக்கிறது, டெஸ்டரில் பொறி வரவில்லை அல்லது மங்கலான ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு வருகிறது என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் கில் சுவிட்ச், ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் டெதர் கயிறு, ஆக்சிலேட்டர் லீவரில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். நின்ற வண்டியில் பனி உருகித் தண்ணீர் கனெக்டருக்குள்ளும் பிளக் கேப்புக்குள்ளும் இறங்குவது சர்வ சாதாரணம். அதெல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர். உள்ளே சுருளில் ஒரு கம்பி மயிரிழை அளவுக்கு விட்டிருந்தால், குளிரில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், சூடேறி விரிந்ததும் பிரிந்துவிடும். சூட்டோடு கனெக்டரைக் கழற்றி ஓம் அளவைக் குறித்துக்கொண்டு, வண்டி ஆறியதும் அதே இடத்தில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். செம்புக் கம்பியின் எதிர்ப்பு சூட்டில் ஏறுவது இயல்பு, 20 டிகிரியில் 200 ஓம் காட்டும் சுருள் 80 டிகிரியில் 247 ஓம் வாக்கில் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து நல்ல ஸ்டேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதைவிடத் தாறுமாறாகத் தாவினாலோ, முற்றிலும் துண்டிப்பு என்று காட்டினாலோதான் பழுது. இக்னிஷன் காயில் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் பனியை அள்ளி அதன் மேல் சில நிமிடம் வையுங்கள், பொறி திரும்ப வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

பெட்ரோலும் கரண்ட்டும் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் கயிறு லேசாக வருகிறது என்றால் கம்ப்ரஷன் பாருங்கள், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, எல்லாப் பிளக்கையும் கழற்றிய நிலையில். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசமோ, ஆறிய அளவைவிடச் சூட்டில் பெரிய சரிவோ இருந்தால் ரிங், பிஸ்டன் வேலைதான். இன்டேக்கில் கலவையை ஒரே பக்கமாக விடும் ரீட் வால்வின் இதழ் ஓரம் உடைந்திருந்தாலும் ஸ்டார்ட்டிங் படுத்தும், இரண்டு போல்ட்டில் தெரிந்துவிடும் காரியம் இல்லை என்றாலும் கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பழுதே இல்லாமல் வெறும் செட்டிங்கால் வரும் தொல்லையும் உண்டு. ஐடில் வேகம் மிகவும் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் சூட்டில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் ஆகாது. மைனஸ் 30 டிகிரிக்கு ஜெட் போட்ட வண்டியைப் பூஜ்ஜியத்தில் ஓட்டினால், காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைந்திருக்கும், அதற்கேற்பப் பெட்ரோல் மிகுதியாகும். உயரமான மலைக்குப் போனாலும் அதே கதை. கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்று ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திண்டாடுபவர்கள் நிறையப் பேர்.

இன்ஜெக்ஷன் வண்டியில் முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இன்ஜின் சூடாக இருக்கும்போது அது குளிர் என்று சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும், பிளக் நனையும். அடுத்தது நின்றபின் பெட்ரோல் லைனில் அழுத்தம் நிற்கிறதா என்பது. கேஜ் மாட்டிப் பார்த்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வு விடுகிறதா என்று புரிந்துவிடும்.

எதைச் சரிசெய்தாலும் ஆறிய வண்டியை ஒரு இழுப்பில் கிளப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, பானெட்டை மூடியபடியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, சோக்கையும் ஆக்சிலேட்டரையும் தொடாமல் இழுங்கள். அதில் பிடித்தால் சரியாகிவிட்டது, பிடிக்காவிட்டால் கையில் ஸ்பேனர் இருக்கிறது, பிளக்கைக் கழற்றுங்கள்.