நீக்கச் சொன்ன கட்டுரை
கோத்தகிரிச் சோலைக்காடுகளைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையின், இதழில் வெளியான அச்சு வடிவப் பிடிஎஃப்பை ஆய்வாளர் தளமொன்றில் ஏற்றிய சில வாரங்களில், அதை நீக்குமாறு பதிப்பகத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் எழுதியதை நானே பகிரக் கூடாதா என்று முதலில் கோபம்தான் வந்தது. பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தந்து நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அன்றிரவுதான் முழுதாகப் படித்தேன். இதழ்களின் பகிர்வு விதிகளைக் காட்டும், முன்பு ஷெர்பா ரோமியோ எனப்பட்ட, பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் தேடல் தளத்தில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை இட்டபோது, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி விதி இருப்பது தெரிந்தது: மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவை எப்போதும் பகிரலாம், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட, பக்கம் அமைக்காத கைப்பிரதியை 12 மாதங்களுக்குப் பின் ஆசிரியரின் நிறுவனம் நடத்தும் இணையக் களஞ்சியத்தில் வைக்கலாம், பதிப்பகம் பக்கம் அமைத்த பிடிஎஃப்பை மட்டும் பொதுவில் வைக்கக் கூடாது. அந்தக் கைப்பிரதியின் வேர்டு கோப்பு, நல்லவேளையாக, இதழுக்கு இரண்டாம் திருத்தம் அனுப்பிய மின்னஞ்சலில் கிடந்தது. பிடிஎஃப்பை உடனே நீக்கினேன். அந்த 12 மாதக் கெடு முடிந்ததும், இதழில் வெளியான வடிவத்தைக் காட்டும் டிஓஐ இணைப்புடன் கைப்பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்தில் ஏற்றினேன்.