பின் வீல் சாய்ந்தால் உடனே அரத்தை எடுக்காதீர்கள்

சைக்கிள் பிரேம் கட்டிப் பழகும் பையன்கள் கொண்டுவருவதில் பற்றவைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பின் வீலை மாட்டும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது. குழாயைக் குறைத்து வெட்டுவது, துரு தேய்க்காமல் பித்தளை ஓட்டுவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

வீலை நம்பி பிரேமை ராவுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வீல் மாட்டியதும் ரிம் இடப்பக்க சீட் ஸ்டேயை (சீட்டுக்குக் கீழிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் குழாய்) ஒட்டி நின்றதாம். இடது டிராப் அவுட்டில், அதாவது பின் ஆக்சில் மாட்டும் தகட்டில், ஆக்சில் உட்காரும் பிளவை மேல்நோக்கி ராவியே ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். “அண்ணே, இப்ப நட்டநடுவுல நிக்குது பாருங்க” என்றார். கீழே குனிந்து, பெடல் அச்சிலிருந்து பின்னால் வரும் இரண்டு செயின் ஸ்டேக்கு நடுவே பார்த்தால் ரிம் இன்னும் இடப்பக்கம்தான்.

வீலைக் கழற்றி, இடவலம் மாற்றி மாட்டினேன். மேலே முன்பு இடப்பக்கம் சாய்ந்ததைப் போல இரண்டு மடங்கு வலப்பக்கம் போய் நின்றது. பிரேம் முதலில் நேராகத்தான் இருந்திருக்கிறது! வீலில்தான் கோளாறு: இரண்டு லாக்நட்டுக்கும் (ஆக்சிலில் டிராப் அவுட்டை ஒட்டி உட்காரும் நட்டு) நடுவில் ரிம் இல்லை. போக்ஸ் கம்பியை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தினால் தீர்கிற வேலை. அதற்குப் பதில் டிராப் அவுட்டையே வெட்டியெடுத்து வேறு வைத்தோம். அடித்த பெயிண்டும் கருகியது.

வீலைத் திருப்பி மாட்டும்போது சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் வீலில். அதே பக்கம் நின்றால் பிரேமில். இது தெரியாமல் அரத்தைத் தொடக்கூடாது. ஏனென்றால் 130 மி.மீ. அகல ஹப்பில் (வீலின் நடு உருளை), ஒரு பக்கம் ஆக்சில் 1 மி.மீ. ஏறி உட்கார்ந்தாலே 700சி என்னும் ரோடு சைக்கிள் அளவு ரிம்மின் உச்சி ஏறக்குறைய 2.4 மி.மீ. நகர்ந்துவிடும்.

அப்புறம், கியர் வீலில் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதைப் பார்த்து வீல் கோணல் என்று முடிவுகட்டாதீர்கள். அது அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ரிம்மும் லாக்நட்டும்தான்.

நூலை மட்டும் நம்புவது

கொத்தனார் நூலை ஒரு டிராப் அவுட்டில் கட்டி, ஹெட் டியூபை (ஹேண்டில் நுழையும் முன் குழாய்) சுற்றி, மறு டிராப் அவுட்டுக்கு இழுங்கள். சீட் டியூபிலிருந்து (சீட் நுழையும் குழாய்) இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக வந்தால் பின்பகுதி ஒரு பக்கம் ஒதுங்கவில்லை என்று அர்த்தம். நல்ல சோதனைதான். ஆனால் ஒரு பிளவு மற்றதைவிட உயரமாக இருப்பதை நூல் காட்டாது. அதற்குக் கோட்டம் எடுத்த, நடு பார்த்த வீல் ஒன்று தனியாக வைத்திருக்க வேண்டும்.

ஹப் வாங்காமல் பிரேம் போடுவது

டிராப் அவுட் இடைவெளி ஹப் அகலத்தைப் பொறுத்தது: பழைய ரோடு ஹப் 126, பிறகு வந்தது 130, மலை சைக்கிளுக்கு 135 மி.மீ. முதலில் ஹப்பை வாங்குங்கள்.

சூடாக இருக்கும்போதே அளப்பது

ஆறும்போது குழாய் இழுக்கும். டீ குடித்துவிட்டு வந்து அளங்கள்.

டிராப் அவுட் முகங்கள் இணையாக இல்லாதது

ஆக்சில் வளையும். சில சமயம் உடையும்.